பாதியில் காணாமல் போகாதீர்கள்: பிறந்ததிலிருந்து பிள்ளைகளைப் பின்தொடரும் ஆய்வுகள் பற்றி

பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடரும் தொடர் ஆய்விலிருந்து விலகக் கடிதம் எழுதித் தாருங்கள் என்று போன வாரம் இன்னொரு குடும்பமும் வந்து கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காரைக்குடியில் குழந்தை மருத்துவராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சுதான், ஆனால் பழகப் பழகக் கோபம் குறைவதாக இல்லை.

தேவகோட்டைப் பக்கத்து இளம் தாய், கூடவே அவருடைய அப்பத்தா, இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். புகுந்த வீடு வேறு மாவட்டம். கர்ப்பமாக இருந்தபோதே அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியின் தொடர் ஆய்வில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்திருக்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவர் சிம்மை மாற்றிவிட்டார், அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆய்வுப் பணியாளர் விசாரித்து விசாரித்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "இனிமே வரக்கூடாதுன்னு நீங்க எழுதிக் குடுங்க டாக்டரம்மா. ரத்தம் எடுத்து எடுத்துப் பிள்ளை இளைச்சுப் போச்சு. எங்க பிள்ளை என்ன சோதனை எலியா?" என்றார் அந்த ஆச்சி.

பையனை எடை மேடையில் ஏற்றினேன். பத்தரைக் கிலோ, வயதுக்குச் சரியான எடை. எத்தனை முறை ரத்தம் எடுத்தார்கள் என்று தாயிடம் கேட்டால், ஒரே ஒரு முறை.

இந்த 'சோதனை எலி' என்ற பேச்சைத்தான் முதலில் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தொடர் ஆய்வு என்பது மருந்துச் சோதனை இல்லை. புது மருந்தையோ புதுத் தடுப்பூசியையோ கொடுத்துப் பார்ப்பது வேறு வகை ஆய்வு, அதற்கு விதிமுறைகளும் வேறு. இது பார்த்துக் குறித்துக்கொள்வது. உங்கள் பிள்ளை எப்படியும் வளரத்தான் போகிறது, எப்படியும் காய்ச்சல் வரத்தான் போகிறது, எப்படியும் பள்ளிக்கூடம் போகத்தான் போகிறது. அதை எடை, உயரம், சாப்பாடு, நோய், வீட்டு நிலைமை என்று அந்தந்த நேரத்தில் எழுதி வைக்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் உங்கள் பிள்ளைக்கு எதையும் 'செய்து' பார்ப்பதில்லை. அதே குழு நடுவில் மருந்தோ சத்துமாத்திரையோ கொடுத்துப் பார்க்க நினைத்தால், அதற்குத் தனியாக விளக்கிச் சொல்லி, தனியாக உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். முன்னே போட்ட கையெழுத்து அதற்குச் செல்லாது. இதைப் படித்தவர்களிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தந்தைகூட இதையேதான் கேட்டார். வாட்ஸப்பில் வரும் குரல் பதிவுகள் செய்கிற வேலை இது.

ரத்தம் எடுத்தால்கூடப் பொதுவாக ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாது. அதனால் பிள்ளை இளைக்காது.

அடுத்த கேள்வி, "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு வரணும்?" நல்லா இருக்கும் பிள்ளையும் வேண்டும் என்பதால்தான் வரச் சொல்கிறார்கள். நோய் வந்த பிறகு தாயைக் கூப்பிட்டு, கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், பிள்ளை பிறந்தபோது என்ன எடை என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. நோயுள்ள பிள்ளையின் தாய் பழசை எல்லாம் கிளறிக் கிளறி நினைவுபடுத்திக்கொள்வார், மற்றவர் "கொழுகொழுன்னு இருந்துச்சு" என்று முடித்துவிடுவார். முன்கூட்டியே எழுதி வைத்த கணக்குதான் கணக்கு.

அப்படி எழுதி வைத்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் தேடிப் பிடித்துச் சர்க்கரை பார்த்தபோது தெரிந்தது இது: இரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குள் உயரத்துக்கு மீறி மளமளவென எடை ஏறியவர்களுக்குத்தான் சர்க்கரைக் கோளாறு அதிகம். பன்னிரண்டு வயதில் அவர்களைப் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். விருந்தும் பலகாரமும் குறையாத நம் ஊரில், பேரன் ஒல்லியாக இருக்கிறான் என்று அள்ளி அள்ளி ஊட்டும் வீடுகளில் நான் பேசுவதெல்லாம் இந்த ஆய்வை வைத்துத்தான். புனே பக்கத்துக் கிராமங்களில் 1993-ல் தொடங்கிய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. அங்கே பிறந்த பிள்ளைகள் சராசரியாக 2.7 கிலோதான், இங்கிலாந்துப் பிள்ளைகளோ 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

நம் வேலூரிலேயே 2002 வாக்கில் குடியிருப்புப் பகுதிகளில் பிறந்த பிள்ளைகளை மூன்று வருடம் விடாமல் பின்தொடர்ந்து, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைக் கவனித்தார்கள். 373 பிள்ளைகள் முழுதாக நின்றார்கள். மெக்சிகோவில் இதேபோல் பின்தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு முறை தொற்று வந்தாலே கடுமையான நோய்க்கு எதிராக நல்ல பாதுகாப்பு கிடைத்தது, வேலூரிலோ மூன்று முறை வந்த பிறகும் 79 சதவீதம்தான். வேறு நாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்குத் திட்டம் போட முடியாது என்பது இப்படித்தான் தெரிந்தது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரோட்டா சொட்டு மருந்து ஊற்றும்போது, அந்த வேலூர்த் தாய்மார்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு குடும்பம் விலகினால் என்ன குடி முழுகிப் போகிறது? இங்கேதான் எனக்கு மனசு கேட்பதில்லை. விலகுபவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல விலகுவதில்லை. அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்த வீடு, கடன் தொல்லையில் ஊர் மாறிய வீடு, புருஷன் சிங்கப்பூரில் இருக்க மாமியார் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் அலையும் பெண், அடிக்கடி நோயில் விழும் பிள்ளை, இவர்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள். கடைசியில் சொந்த வீட்டில் நிலையாக இருப்பவர்களின் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே முடிவு வரும், அதை எல்லாருக்கும் பொதுவாக வைத்துத் திட்டம் போடுவார்கள். நகரத்தார் கோயிலில் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கும் வட்டிக் கடையில் பேரேடும் தலைமுறை தலைமுறையாக எழுதிய மண் இது. பாதிப் பக்கம் கிழிந்த பேரேட்டை வைத்து ஐந்தொகை போட முடியாது என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடர்கிறார்கள். 45 வயதில் உயிரோடு இருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து வரவழைக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் வசதி நம்மிடம் இல்லை. வெயிலில் ஸ்கூட்டியில் வந்து உங்கள் தெருவில் கதவு தட்டும் அந்தப் பணியாளர்தான் நமக்கு. அவரைத் திண்ணையோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

அதற்காக யார் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வு விவரத்தாள் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கும், சந்தேகம் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், அந்த எண் அங்கே இருப்பது அதற்காகத்தான். ஓடிபி கேட்டாலோ, பதிவுக்கட்டணம் என்று பணம் கேட்டாலோ வெளியே அனுப்பிவிடுங்கள், எந்த ஆய்வுக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஏழு வயது தாண்டிவிட்டால் அதனிடமும் கேட்டுத்தான் தொடர வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல், அதை அவர்கள் செய்கிறார்களா என்று பாருங்கள்.

ஆய்வில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வந்தால் நான் எதில் குறிப்பது? அந்தப் பையனின் அட்டையைப் பிறகு எடுத்து வந்து காட்டினார்கள். வளர்ச்சி வரைபடத்தில் ஒன்பதாம் மாதம்வரை புள்ளி இருக்கிறது, அதற்கப்புறம் வெள்ளைத்தாள். ஆய்வுக்குப் போகாதவர்கள் அங்கன்வாடிக்கும் எடை பார்க்கப் போகவில்லை.

கடைசியாக, நிஜமாகவே விலக நினைக்கிறீர்களா? அது உங்கள் உரிமை. காரணம் சொல்லத் தேவையில்லை, சிகிச்சையிலும் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் சிம்மை மாற்றிவிட்டு ஒளியாதீர்கள், என்னிடம் கடிதமும் கேட்காதீர்கள். அவர்களையே கூப்பிட்டுச் சொல்லுங்கள். இதுவரை எடுத்த விவரங்களை வைத்துக்கொள்ளலாமா, சேமித்த ரத்தத்தை அழித்துவிட வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஊர் மட்டும்தான் மாறுகிறது என்றால், புது எண்ணையும் தாய் வீட்டு எண்ணையும் கொடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை போனில் பேசினாலே பல ஆய்வுகளுக்குப் போதும்.