பழைய இரும்புக் கடை திருப்பி அனுப்பிய பேட்டரி

திருப்பூரில் எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்கு ஒருவர் மின் ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கி வந்தார். இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் கடைக்காரர் பேசாமல் தராசில் வைத்திருப்பார்; ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. இதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாங்ண்ணா, தீப்பிடிச்சுக்கும். வண்டி வாங்குன எடத்துலயே குடுத்துருங்க" என்று திருப்பிவிட்டார்.

அந்தப் பெட்டிக்குள் கட்டைவிரல் பருமனில் வரிசை வரிசையாகச் செல்கள். ஒவ்வொன்றிலும் மெல்லிய தாமிரத் தகடும் அலுமினியத் தகடும் பாய் போலச் சுருட்டியிருக்கும். தாமிரத்தின் மேல் கிராஃபைட் பூச்சு, அலுமினியத்தின் மேல் லித்தியமும், பல செல்களில் நிக்கல், கோபால்ட்டும் சேர்ந்த சேர்மப் பூச்சு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். வண்டி ஓடும்போது திரும்பி வரும். நாளாக நாளாக, கிராஃபைட்டின் மேல் படியும் படலத்தில் கொஞ்சம் லித்தியம் சிக்கிக்கொள்கிறது. வண்டி முன்புபோல் தூரம் போகாததற்கு இது முக்கியக் காரணம். பெட்ரோல் எரிந்தால் போச்சு. இங்கே உலோகம் அத்தனையும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அந்த உலோகம் வந்த வழியைப் பாருங்கள். லித்தியம் ஆஸ்திரேலியப் பாறையிலிருந்தும் சிலியின் அட்டகாமா உப்புப் படுகையிலிருந்தும் வருகிறது. உலக நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியா. கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ. அங்கே கோல்வேசிப் பக்கம் கையாலேயே குழி தோண்டி எடுப்பவர்களில் சிறுவர்களும் உண்டு.

நமக்கு இது தெரிந்த கதை. பனியனைப் போட்டவர் ஐரோப்பாவில் இருந்தார், சாயம் நம் நொய்யல் ஆற்றில் ஓடியது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையானது. விவசாயிகள் விடாமல் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது வண்டி ஓட்டுவது நாம், ஊர் கெடுவது கோல்வேசியில்.

பல வண்டிகளில் வரும் இரும்பு பாஸ்பேட் செல்லில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. நல்லதுதான். ஆனால் விலைபோகும் உலோகம் குறைவு என்பதால், பழசானால் அதை எடுத்துக்கொள்ளவும் ஆள் குறைவு.

மறுசுழற்சி ஆலையில் முதலில் மிச்ச சார்ஜை இறக்குவார்கள். அப்புறம் செல்லை நொறுக்கித் தாமிரம், அலுமினியத்தைப் பிரித்தால் கரிய தூள் மிஞ்சும். அதை அமிலத்தில் கரைத்து நிக்கல், கோபால்ட், லித்தியத்தைத் தனித்தனியாக மீட்கலாம். கழிவுப் பஞ்சையும் நூலாக்கும் ஓ.இ. மில்களை வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். ஆனால் அமிலம் என்றதும் எனக்கு நொய்யல்தான் கண்முன் வருகிறது. சாயப்பட்டறைக்கு வழக்குப் போட்டு வாங்கிய விதி, இந்த ஆலைகளுக்கு முதல் நாளே இருக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்னதைத்தான் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் சொல்கின்றன: பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆகவே ஷோரூமில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கும்போதே, உள்ளே எந்த வகைச் செல், பழசானால் யாரிடம் கொடுப்பது என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழசானதைக் கொடுக்கும்வரை பெட்டியைப் பிரிக்கவோ வெயிலில் போட்டுவைக்கவோ வேண்டாம்.