கேன்சர் சிகிச்சை முடிஞ்சவங்கள படுக்க வைக்காதீங்க

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்னு எல்லாத்தையும் தாண்டி ஒருத்தங்க வீட்டுக்கு வந்துட்டா போதும், மொத்த குடும்பமும் சேர்ந்து அவங்கள கட்டில்ல உக்கார வச்சிடும். பாத்திரத்த தொடாத, மாடி ஏறாத, குனியாத, பேசாம படு. பாசத்துல தான் சொல்றாங்க, அதுல சந்தேகமே இல்ல, ஒரு காலத்துல டாக்டர்களும் இதையே தான் சொன்னாங்க. ஆனா 1980கள்லேர்ந்து வந்திருக்கற ஆராய்ச்சிகள பாத்தா இந்த ஓய்வே நிறைய பேரோட உடம்ப இன்னும் பலவீனமாக்குதுன்னு தெரியுது. எப்படின்னு புரிஞ்சா தான் வீட்ல இருக்கறவங்களுக்கு பயம் போகும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல சோர்வு. சிகிச்சை எடுத்தவங்கள்ல ரொம்ப பேர் சொல்ற பிரச்சனை இது தான். நாள் பூரா வேலை செஞ்சு வர்ற அசதி ஒரு நல்ல தூக்கம் போட்டா போயிடும், இது போகாது. ராத்திரி பூரா தூங்கி எந்திரிச்சாலும் குளிச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி படுக்கணும் போல இருக்கும், சிகிச்சை முடிஞ்சு மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல கூட நீடிக்கும். காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. கீமோ மருந்துகள் கேன்சர் செல்லோட நிக்கறது இல்ல, தசை செல்லுக்குள்ள எனர்ஜி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவையும் சேதப்படுத்தும். உடம்புல அழற்சி கூடி சைட்டோகைன்னு சொல்ற ரசாயனங்கள் ரத்தத்துல அதிகமாகும், காய்ச்சல் வந்தா ஒரு மாதிரி முடக்கிப் போடுமே அதுக்கும் இதே ரசாயனங்கள் தான் காரணம். ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்கும், சாப்பாடு இறங்காம தசை கரைஞ்சிருக்கும், தூக்கமும் சரியா இருக்காது.

இவ்வளவுக்கும் மேல படுக்கையும் சேர்ந்தா என்ன ஆகும்? 1966ல அமெரிக்காவுல டல்லாஸ்ல ஒரு பரிசோதனை பண்ணாங்க. 20 வயசு ஆரோக்கியமான இளைஞர்கள் 5 பேர 3 வாரம் படுக்கையிலேயே வச்சு, முன்னாடியும் பின்னாடியும் அவங்க உடம்பு எவ்வளவு ஆக்சிஜன பயன்படுத்த முடியுதுன்னு அளந்தாங்க. 30 வருஷம் கழிச்சு அதே 5 பேர மறுபடி கூப்பிட்டு அளந்தப்போ தெரிஞ்சது, 30 வருஷ வயசு ஏற்றத்த விட அந்த 3 வார படுக்கை தான் அவங்க உடல்திறன அதிகமா குறைச்சிருக்கு. ஒரு நோயும் இல்லாத பசங்களுக்கே இப்படின்னா கீமோ முடிச்ச 55 வயசு அம்மாவுக்கு என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. படுத்தா ரத்தத்தோட அளவே குறையுது, இதயம் ஒரு துடிப்புக்கு தள்ற ரத்தமும் குறையுது, தொடை தசை சுருங்குது, அப்புறம் பாத்ரூம் வரைக்கும் நடக்கறதே பெரிய வேலையாகி மூச்சு வாங்குது, மூச்சு வாங்குறதால மறுபடி படுக்கறாங்க. வாரம் போகப் போக இந்த சுத்து இறுகிக்கிட்டே போகும்.

இத உடைக்க முடியும்னு ஆரம்பத்துலயே காட்டினவங்கள்ல ஒருத்தர் மேரில் வின்னிங்ஹம்னு ஒரு நர்ஸ். 1980கள்ல ஒஹாயோல மார்பக கேன்சருக்கு கீமோ எடுத்துட்டு இருந்த பெண்கள வாரத்துக்கு 3 தடவ, 10 வாரத்துக்கு, நின்ன இடத்துல மிதிக்கற சைக்கிள்ல ஏத்தி பயிற்சி குடுத்தாங்க. கீமோ ஓடிட்டு இருக்கறப்பவே! பயிற்சி செஞ்சவங்களோட உடல்திறன் கூடுச்சு. அதுக்கப்புறம் நிறைய ஆய்வு வந்திருச்சு. 2017ல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தோட கேரன் மஸ்டியன் குழு 113 ஆய்வுகள, 11,000 பேருக்கு மேல, ஒண்ணா சேத்து பாத்து, கேன்சர் சோர்வ குறைக்கறதுல மாத்திரைகள விட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னாங்க.

உள்ள நடக்கறது இது தான். தசைய வேலை வாங்குனா அது புதுசா மைட்டோகாண்ட்ரியாவ உருவாக்கும், தசைக்குள்ள போற நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதிகமாகும், அதனால அதே தூரம் நடக்க உடம்பு முன்ன மாதிரி திணற வேண்டியதில்ல. வேலை செய்யற தசை சும்மாவும் இருக்காது, ரத்தத்துல சில ரசாயனங்கள விடும், அதுல சிலது அழற்சிய அடக்கற திசைல வேலை செய்யும். தூக்கம் மேம்படும், மனசும் கொஞ்சம் லேசாகும். ஆனா ஒண்ணு, சோர்வுக்கு ரத்தசோகையோ தைராய்டோ காரணமா இருந்தா (கழுத்துல ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு தைராய்டு குறையறது சகஜம்) அத முதல்ல சரி பண்ணணும், நடந்து சரியாகாது.

அடுத்து கை வீக்கம், இதுல தான் பெண்கள் அனாவசியமா ரொம்ப வருஷம் பயந்து வாழ்ந்திருக்காங்க, அதனால இத அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன். மார்பக கேன்சர் ஆபரேஷன்ல அக்குள்ல இருக்கற நிணநீர் முடிச்சுகள எடுப்பாங்க. திசுக்கள்லேர்ந்து கசியற தண்ணிய மறுபடி ரத்தத்துல கொண்டு சேக்கற பாதை அந்த வழியா தான் போகுது, பாதை பாதி அடைஞ்சா கைல தண்ணி தேங்கி வீங்கும். அது தான் லிம்ஃபெடீமா. அதனால வெயிட் தூக்காத, குடம் எடுக்காத, குழந்தைய தூக்காதன்னு ஒரு நீளமான பட்டியலே குடுத்து அனுப்புவாங்க. 1996ல கனடாவுல வான்கூவர்ல டான் மெக்கென்சின்னு ஒரு விளையாட்டு மருத்துவர், இது உண்மையான்னு பாத்துடலாம்னு மார்பக கேன்சர் வந்த 24 பெண்கள டிராகன் படகுல, அதாவது நிறைய பேர் சேர்ந்து ஓட்டற நீளமான படகுல, துடுப்பு போட வச்சார். மேல்உடம்பு பூராவையும் போட்டு இழுக்கற கடுமையான வேலை அது. யாருக்கும் புதுசா கை வீங்கல. அதப் பாத்து பல நாடுகள்ல இந்த மாதிரி படகுக் குழுக்கள் உருவாச்சு.

24 பேர் மட்டும்னா ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு யாரும் கேக்கலாம், நியாயம் தான். 2009ல கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு ஏற்கனவே கை வீக்கம் இருக்கற 141 பெண்கள ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவ மட்டும் ஒரு வருஷம் படிப்படியா வெயிட் தூக்க வச்சாங்க. வீக்கம் அதிகமானது ரெண்டு குழுவுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், 11 சதவீதம், 12 சதவீதம். வீக்கம் திடீர்னு மோசமாகி சிகிச்சை தேவைப்பட்டது வெயிட் தூக்குனவங்கள்ல 14 சதவீதம், தூக்காதவங்கள்ல 29 சதவீதம், அதாவது பாதிக்கும் கம்மி. காரணம் யோசிச்சா புரியும். நிணநீரத் தள்ள இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது, குழாய் தானாவும் சுருங்கும், கூடவே பக்கத்துல இருக்கற தசை சுருங்கி விரியறப்பவும் அது மேல நகரும், உள்ள இருக்கற வால்வு திரும்பி வராம தடுக்கும். கைய அசைக்காம மடியிலயே வச்சிருந்தா தசை பண்ற அந்த உதவிய நாமளே நிறுத்தின மாதிரி ஆயிடும். பலம் இல்லாத கைக்கு ஒரு பால் பாக்கெட் பை கூட அதிக பாரம், அதுவே பலம் ஏத்துன கைக்கு ஒண்ணுமில்ல. இதுக்காக முதல் நாளே சிலிண்டர தூக்கிடாதீங்க, அந்த ஆய்வுலயும் ரொம்ப லேசான எடைல ஆரம்பிச்சு, கைய இறுக்கிப் பிடிக்கற அழுத்த உறை போட்டுக்கிட்டு, மேற்பார்வைல தான் ஏத்துனாங்க.

இந்தியாவுல ஆண்களுக்கு அதிகமா வர்றது வாய்ப் புற்று, புகையிலை தான் பெரிய காரணம். இவங்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சின்னா நடைப்பயிற்சி மட்டும் போதாது. ரேடியேஷனுக்கு அப்புறம் தாடை தசை நார் நாரா இறுகி வாய் திறக்கறது குறைஞ்சுக்கிட்டே வரும், மூணு விரல் நுழைஞ்ச வாய்ல ஒரு விரல் நுழையாது, சாப்பாடு, பேச்சு, பல் டாக்டர்கிட்ட போறது எல்லாமே கஷ்டம். இதுக்கு ஃபிசியோ குடுக்கற பயிற்சி ரொம்ப எளிமை: ஐஸ்கிரீம் குச்சிகள அடுக்கி பல்லுக்கு நடுவுல வச்சு, மெதுவா ஒவ்வொரு குச்சியா கூட்டுவாங்க. இறுகறது ரேடியேஷன் முடிஞ்ச பிறகும் நாளாக நாளாக நடந்துக்கிட்டே இருக்கும், அதனால இத ஒரு மாசம் செஞ்சுட்டு விட்டா பிரயோஜனம் இல்ல. விழுங்கறதும் அப்படித்தான், சாப்பாட்டுக்கு ட்யூப் போட்டாச்சுன்னு வாய் வழியா எதுவுமே எடுக்காம இருந்தா தொண்டை தசை மெலிஞ்சு பின்னாடி விழுங்கவே கஷ்டப்படும், பாதுகாப்பா விழுங்க முடியும்னு டாக்டர் சொன்னா கொஞ்சமாவது விழுங்கிட்டே இருக்கணும். கழுத்து ஆபரேஷன்ல தோளுக்கு போற நரம்பு பாதிச்சா தோள் தொங்கிப்போய் சட்டை மாட்ட கூட கைய தூக்க முடியாது, அதுக்கும் தனியா தோள்பட்டை பயிற்சி இருக்கு. இதெல்லாம் செலவே இல்லாத விஷயம், ஆனா சொல்லிக் குடுக்க ஆள் இல்லாததால எத்தனையோ பேர் கஞ்சியோடவே காலம் தள்றாங்க, அது தான் மனச அறுக்குது.

இதுவரைக்கும் சொன்னது வாழ்க்கைத் தரம் பத்தி. ஆயுள் கூடுமான்னு கேட்டா, 2025 ஜூன்ல வந்த சேலஞ்ச் ஆய்வு பதில் சொல்லுது. பெரும்பாலும் கனடாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும், பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷனும் கீமோவும் முடிச்ச 889 பேர். பாதி பேருக்கு ஆரோக்கிய வாழ்க்கை பத்தி புத்தகம் மட்டும், மீதி பேருக்கு 3 வருஷத்துக்கு கூடவே இருந்து வழிகாட்ட ஒரு பயிற்சி ஆலோசகர். வழக்கத்த விட கூடுதலா, வாரத்துக்கு 3-4 தடவ முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் வேகமா நடக்கற அளவு தான் இலக்கு. 8 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க பயிற்சி குழுவுல 90.3 சதவீதம், புத்தகம் வாங்கினவங்கள்ல 83.2 சதவீதம். ஏழு சதவீதம்னா, புதுசா ஒரு மருந்து இந்த வித்தியாசத்த காட்டியிருந்தா என்ன விலை வச்சிருப்பாங்கன்னு நினைச்சு பாக்கறேன். மூட்டு, தசை வலி பயிற்சி குழுவுல கொஞ்சம் அதிகம் தான் (18.5க்கு 11.5 சதவீதம்), அதையும் மறைக்காம சொல்லணும். ஏன் ஆயுள் கூடுதுன்னு முழுசா இன்னும் புரியல. கோபன்ஹேகன்ல பெர்னில ஹொய்மன் குழு 2016ல எலிகள்ல பாத்தப்போ, சக்கரத்துல ஓடுன எலிகளுக்கு கட்டி 60 சதவீதத்துக்கு மேல சின்னதா இருந்துச்சு, ஓடறப்ப வர்ற அட்ரினலின் நோய் எதிர்ப்பு செல்கள கட்டிக்குள்ள அனுப்பறது தெரிஞ்சது. எலி எலி தான், மனுஷனுக்கு அப்படியே பொருத்த முடியாது, ஆனா ஒரு தடயம். இன்னொண்ணு, இந்த ஆய்வ படிச்சுட்டு கீமோவ விட்டுட்டு நடந்தா போதும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க, அந்த 889 பேர்ல எல்லாரும் சிகிச்சைய முடிச்சுட்டு வந்தவங்க.

எவ்வளவு செய்யணும்? 2019ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் படி வாரத்துக்கு 3 நாள், 30 நிமிஷம், பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கற வேகத்துல நடை, கூடவே 2 நாள் தசைக்கு பலம் தர்ற பயிற்சி. நாற்காலிலேர்ந்து கைய ஊனாம எந்திரிச்சு உக்கார்றதே தொடைக்கு நல்ல பயிற்சி. முதல் வாரம் 5 நிமிஷம் தான் முடியுதுன்னா 5 நிமிஷம், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

யாரெல்லாம் டாக்டர கேக்காம ஆரம்பிக்கவே கூடாதுன்னா, எலும்புல கேன்சர் பரவினவங்க (முதுகத் திருப்பி பாரம் தூக்கறது ஆபத்து, எலும்பு முறியலாம்), அட்ரியாமைசின் மாதிரி சிவப்பு கீமோ மருந்து எடுத்தவங்க, ஏன்னா அது இதயத்த பாதிக்கலாம், எக்கோ (இதய ஸ்கேன்) பாத்துட்டு தொடங்கணும். குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் மலம் சேர வயித்துல பை வச்சிருக்கறவங்களுக்கு வயித்த அழுத்தற பயிற்சியால குடலிறக்கம் வரலாம். பாதம் மரத்துப் போனவங்களுக்கு ட்ரெட்மில்ல விட நின்ன சைக்கிள் பாதுகாப்பு, கூட ஒரு காலுல நிக்கற மாதிரி சமநிலை பயிற்சியையும் சுவத்த பிடிச்சுக்கிட்டு செய்யலாம். காய்ச்சல், பிளேட்லெட் ரொம்ப கம்மி, நெஞ்சு வலி, தலைசுத்தல் இருக்கற நாள்ல பயிற்சி வேண்டாம்.

அடுத்த செக்கப்புக்கு போறப்ப, ஸ்கேன் ரிப்போர்ட் பாத்து முடிச்சதும் எந்திரிச்சு வந்துடாம டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: எனக்கு எந்த அசைவு கூடாது, என்னை எந்த ஃபிசியோகிட்ட அனுப்புவீங்க. கூட வர்ற மகனோ மகளோ அந்த ஃபிசியோ அறைக்குள்ளயும் கூடவே போகணும், ஏன்னா வீட்டுக்கு வந்ததும் "வேண்டாம்மா, நீ படு"ன்னு சொல்லப் போறது அவங்க தான்.