பொமேரியனின் இருமலும் தொண்டையில் இல்லாத முள்ளும்

போன கிழமையும் ஒரு பொமேரியன் வந்தது. ஐந்து வயது, வெள்ளை நிறம், கொழுத்த உடம்பு. தூக்கிக்கொண்டு வந்த அம்மா வாசலிலேயே சொன்னார்: "டொக்டர், முள்ளுச் சிக்கிப் போச்சுது. சோத்து உருண்டை தீத்திப் பாத்தம், வாழைப்பழமும் குடுத்தம், இறங்குதில்லை." எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "வருசப் பிறப்பிலையிருந்து" என்றார். அத்தனை மாதம் தொண்டையில் முள்ளோடு ஒரு நாய் மூன்று நேரமும் சாப்பிடுமா? படலைக்கு வருகிறவர்களை எல்லாம் பார்த்துக் குரைக்குமா? முள் எங்கும் இல்லை. ஆனால் பலவந்தமாகத் திணித்த சோறு மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போய், இப்போது நிமோனியா. வெறும் இருமலோடு இருந்த நாய் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மேசையில் கிடக்கிறது. இந்தக் கதை எனக்குப் புதிதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பொமேரியன், சிவாவா, யோர்க்சயர் டெரியர் போன்ற சின்னச் சாதி நாய்களில் மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் வலுக்குறைந்து தொய்ந்துபோவது அடிக்கடி நடக்கிற விஷயம். குழாய் தட்டையாகிவிடும். அப்போது வருவதுதான் அந்த வாத்துக் கத்துவது போன்ற வறட்டு இருமல். இருமி முடியும்போது ஓங்காளித்துக் கொஞ்சம் வெண்நுரை துப்பும். அந்த ஓங்காளிப்பைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லாரும் முள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் அந்த எண்ணம் முதலில் வருவது இயல்புதான். ஆனால் கொஞ்சம் பாருங்கள். முள்ளோ எலும்போ சிக்கினால் அது திடீரென்று, பெரும்பாலும் சாப்பாட்டோடு நடக்கும். நாய் முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், அடுத்த சாப்பாட்டை விழுங்க முடியாது. மூச்சுக்குழாய் இருமல் அப்படியில்லை. ஆள் வந்த சந்தோசத்தில், தண்ணீர் குடித்தவுடன், சங்கிலியை இழுத்தவுடன், மத்தியான வெக்கையில் வரும். பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போல் வாலை ஆட்டிக்கொண்டு திரியும். மாதக்கணக்கில் வந்து வந்து போகிற இருமலுக்கு முள் காரணமாகாது. எக்ஸ்ரே எடுத்தால் பல நேரங்களில் தெரிந்துவிடும், சில நாய்களுக்கு மேற்கொண்டும் பரிசோதனை வேண்டிவரும்.

உண்மையிலேயே முள் சிக்கியிருந்தாலும் சோற்று உருண்டை வேண்டாம். அது முள்ளை இன்னும் உள்ளே குத்தும். மயக்கம் கொடுத்து எடுப்பது எங்கள் வேலை.

இதிலே இன்னொரு ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். விசர் பிடித்த நாய் எல்லாம் கடிக்க ஓடித் திரிவதில்லை. சிலவற்றுக்குத் தாடையும் தொண்டையும் செயலிழந்துபோகும். வாயைத் திறந்தபடி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல், சத்தமும் மாறி, அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கு எலும்பு சிக்கியது போலவே இருக்கும். அன்பு மிகுதியால் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். ஒருநாளும் செய்யாதீர்கள். செய்துவிட்டீர்கள் என்றால், கையைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்கிற நாய்க்கு விசர் ஊசி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கதவு திறந்திருக்கும் ஒரு நிமிடம் போதும். வருடாவருடம் ஊசி போடுங்கள்.

சரி, இருமலுக்கு வருவோம். முதல் வேலை, கழுத்துப்பட்டியைக் கழற்றுவது. நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற பட்டி கடைகளில் இருக்கிறது, அதை வாங்குங்கள். கேற்றில் சங்கிலியால் கட்டிவைத்தால், ஒவ்வொரு முறை பாயும்போதும் அந்தத் தொய்ந்த குழாயில்தான் அடி விழுகிறது. இரண்டாவது, புகை. நாய் படுக்கிற அறையில் இரவு முழுக்க நுளம்புத்திரி எரிகிறது, காலையில் சாம்பிராணி, குசினியில் விறகடுப்பு. அந்த நாய்க்கு நான் என்ன மருந்து கொடுத்தாலும் பாதிதான் வேலை செய்யும். நுளம்புவலை போடுங்கள். மூன்றாவது, நிறை. அசல் பொமேரியன் 3 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் வளர்வதில் பல கலப்பு, கொஞ்சம் பெரிய உடம்பு, அது பரவாயில்லை. ஆனால் மயிரை விலக்கித் தடவும்போது விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையா, தேத்தண்ணிக்கு நீங்கள் தொட்டுக் கொடுக்கிற பிஸ்கட்டை நிறுத்துங்கள். நிறை குறைந்தே இருமல் பெருமளவு அடங்கிய நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

வெக்கைக்கு மொட்டை அடிக்காதீர்கள். இந்தச் சாதிக்கு இரட்டை மயிர்ப் போர்வை. ஒட்ட வழித்தால் சிலவற்றுக்குத் திரும்ப ஒழுங்காக முளைப்பதில்லை, தோலும் வெயிலில் எரியும். சீவிவிடுங்கள், நிழலில் வையுங்கள், சித்திரை வைகாசியில் நடக்கக் கூட்டிப்போவதை வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள்.

ஏழெட்டு வயது தாண்டிய நாய் இரவில் இருமினால் அது இதயமாகவும் இருக்கலாம். வால்வு கசிவது சின்ன நாய்களில் சாதாரணம். நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுவது தொடர்ந்தால் உடனே காட்டவேண்டும். பின்னங்காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டுப் பிறகு சரியாக நடந்தால் முழங்கால் சில்லு விலகுகிறது. வழுக்குகிற டைல்ஸில் ஒரு பாய் போடுங்கள், கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள். பற்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு கட்டுரை வேண்டும்.

உங்கள் இருமல் பாணியை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பனடோலும் வேண்டாம். அரைக் குளிசைதானே என்பீர்கள். மூன்று கிலோ உடம்புக்கு அது கொஞ்சமில்லை, ஈரலைக் கெடுத்துவிடும்.

இருமும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வாருங்கள். கிளினிக் மேசையில் ஏறியதும் பயத்தில் பல நாய்கள் இருமுவதே இல்லை, அந்த அரை நிமிட வீடியோ எனக்குப் பெரிய உதவி. ஆனால் நாக்கு நீலம் பாய்ந்தாலோ, நாய் மயங்கிச் சரிந்தாலோ, வீடியோவுக்கு நிற்காதீர்கள். கழுத்தில் இருப்பதைக் கழற்றி, வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல், சுற்றி நின்று கத்தாமல், ஓட்டோவைப் பிடித்துக் காற்றுப் படும்படி வைத்துக்கொண்டு வாருங்கள். வரும் வழியில் கிளினிக்குக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னால் ஒட்சிசனைத் தயாராக வைத்திருப்போம்.