லக்கல் ஹம்து: இரவுத் தொழுகையின் துஆவில் வரும் 'புகழ்'

'அல்ஹம்துலில்லாஹ்' என்பதில் வரும் ஹம்து என்ற அரபிச் சொல்லுக்கு நன்றி என்று பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாரையாவது நிறுத்தி "சுகமா மாமு?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வரும், சாப்பிட்டுக் கை கழுவும்போது வரும், தும்மினால் வரும், பிள்ளைக்கு எஸ்பிஎம் தேர்வு முடிவு நல்லபடியாக வந்தால் அப்போதும் வரும். நல்லது நடந்த இடத்திலேயே கேட்டுக் கேட்டு, நம் காது அந்தச் சொல்லை நன்றியோடு முடிச்சுப் போட்டுவிட்டது. அதை முழுத் தப்பு என்று தள்ளவும் முடியாது, ஹம்துக்குள் நன்றியும் அடங்கும். ஆனால் இரவில் தூங்கி எழுந்து தொழும் தஹஜ்ஜுத் தொழுகையில் நபி (ஸல்) ஓதிய துஆவை (இறைவனிடம் வேண்டுவதை) எடுத்து, ஹம்து வரும் இடமெல்லாம் 'நன்றி' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், பொருள் இடிக்கும்.

நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்து, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கும் துஆ அது. சிறு பையனாக இருந்தபோது தன் சின்னம்மா மைமூனா (ரலி) வீட்டில் ஓர் இரவு தங்கி, நபியவர்கள் பாதி இரவில் எழுந்து, முகத்திலிருந்த தூக்கத்தைக் கையால் துடைத்து, தொங்கவிட்டிருந்த பழைய தோல்பையிலிருந்து தண்ணீர் எடுத்து ஒளு செய்து (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி) தொழ நின்றதைப் பார்த்தவர் அவர். தானும் எழுந்து பக்கத்தில் போய் நின்றாராம், நபியவர்கள் அவருடைய காதைப் பிடித்து லேசாகத் திருகினார்களாம். அப்படிப்பட்டவர் சொல்கிறார், இரவில் தஹஜ்ஜுத்துக்கு எழுந்தால் நபியவர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று:

"அல்லாஹும்ம லக்கல் ஹம்து, அன்த்த கய்யிமுஸ் ஸமாவாத்தி வல் அர்ளி வமன் ஃபீஹின்ன..."

தமிழில்: யா அல்லாஹ், உனக்கே புகழ் அனைத்தும், வானங்களையும் பூமியையும் அவற்றில் உள்ளோரையும் நிலைநிறுத்துபவன் நீ. உனக்கே புகழ், வானங்கள் பூமியின் ஆட்சி உனக்கே. உனக்கே புகழ், வானங்கள் பூமியின் ஒளி நீ. உனக்கே புகழ், நீ உண்மை, உன் வாக்குறுதி உண்மை, உன்னைச் சந்திப்பது உண்மை, உன் சொல் உண்மை, சொர்க்கம் உண்மை, நரகம் உண்மை, நபிமார்கள் உண்மை, முஹம்மது உண்மை, மறுமை நேரம் உண்மை.

இதற்குப் பிறகு "உனக்கே அடிபணிந்தேன், உன்னை நம்பினேன், உன்னிடமே பொறுப்பை ஒப்படைத்தேன்" என்று போகும். அதெல்லாம் முடிந்த பிறகுதான், என் முன்பாவத்தையும் பின்பாவத்தையும், மறைவாகச் செய்ததையும் வெளிப்படையாகச் செய்ததையும் மன்னித்துவிடு என்ற வேண்டுதல் வருகிறது. துஆ முழுவதிலும் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

இதில் 'எனக்கு இதைத் தந்தாய்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா? சோறு தந்தாய், உடம்புக்குச் சுகம் தந்தாய், ஒன்றும் இல்லை. தாங்கி நிறுத்துபவன், ஆள்பவன், ஒளி, உண்மை என்று அவன் என்னவாக இருக்கிறானோ அதை மட்டும்தான் சொல்கிறது. பெற்றுக்கொண்டதற்குப் பதிலாகச் சொல்வது நன்றி, அதற்கு அரபியில் ஷுக்ரு என்று தனிச் சொல்லே இருக்கிறது. பெற்றாலும் பெறாவிட்டாலும், அவன் அப்படிப்பட்டவன் என்பதற்காகவே, அன்போடும் பணிவோடும் சொல்வது ஹம்து. ஷுக்ரை நாவால் மட்டுமில்லை, செயலாலும் காட்டலாம். "தாவூதின் குடும்பத்தாரே, நன்றியாகச் செயல்படுங்கள்" என்று குர்ஆனே சொல்கிறது (34:13). ஹம்து நெஞ்சில் ஊறி நாவில் வருவது.

இந்த வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் எதிர்ச்சொல்லைப் பாருங்கள், சட்டென்று விளங்கும். ஷுக்ருக்கு எதிர்ச்சொல் குஃப்ரு, அதாவது செய்ததை மூடி மறைப்பது, நம் மொழியில் செய்ந்நன்றி கொல்லுதல். ஹம்துக்கு எதிர்ச்சொல் தம்மு, அதாவது பழித்தல், இகழ்தல். தமிழில் இகழுக்கு எதிர் என்ன? புகழ். எதுகை முதற்கொண்டு அப்படியே பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழ் முஸ்லிம்கள் எழுதி வந்தது சரியான சொல்தான். புகழ் கடன் வாங்கிய சொல்லும் இல்லை. மலையாளத்தில் புகழ், கன்னடத்தில் பொகளு, தெலுங்கில் பொகடு என்று நம் மொழிக்குடும்பம் முழுக்க ஓடுகிற பழைய வேர். துதி, ஸ்தோத்திரம் எல்லாம் வடசொல். அதிலும் துதியை நம்மவர்கள் பெரும்பாலும் தஸ்பீஹுக்கு வைத்துக்கொண்டார்கள், இறைவனுக்குக் குறை எதுவும் இல்லை என்று தூய்மைப்படுத்திச் சொல்வது தஸ்பீஹ். அதை அதற்கே விட்டுவிடலாம்.

அடுத்து அந்த 'லக்க' என்ற சொல். உனக்கு என்று பொருள். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் 'அல்ஹம்து' முன்னால் வந்து 'லில்லாஹ்' பின்னால் வருகிறது. இரவுத் துஆவில் வரிசை மாறி 'லக்க' முன்னால் வந்துவிடுகிறது. அரபி இலக்கணத்தில் இப்படி முன்னால் கொண்டுவந்தால், உனக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் இல்லை என்ற அழுத்தம் கிடைக்கும். 'அல்' என்பது எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், புகழின் எல்லா வகையும் என்று. தமிழில் இந்த அழுத்தத்தைக் கொண்டுவர ஓர் எழுத்து போதும். உனக்கு என்பதை 'உனக்கே' என்றால் ஆயிற்று. பிரிநிலை ஏகாரம் என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான், பலவற்றிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுத்து நிறுத்துகிற 'ஏ'. அதனால் 'உனக்குப் புகழ்' என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வந்திருக்கிறது, ஏகாரத்தை விடவே கூடாது. இங்கே பள்ளியில் மலாயில் படித்த பிள்ளைகளுக்கு 'பாகிமு செகாலா பூஜி' என்றால் உடனே புரியும், அதிலும் 'பாகிமு', உனக்கு என்பது, முன்னால்தான் நிற்கிறது. ஆனால் பூஜி என்பதே நம் பூசையோடு உறவுள்ள வடமொழிச் சொல் என்பது அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

எங்கள் வரிசை வீட்டில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) இருட்டிலேயே எழுந்து ஓடிய உடம்பு, இன்னமும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார், "தம்பி, அந்நேரத்துக்கு எழுந்து சாமிகிட்ட என்னா கேப்பீங்க?" முதலில் கேட்பதில்லை அக்கா, புகழ்வதுதான் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப தொரைய புகழ்ந்து பேசி காரியம் சாதிக்கிற மாரிதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. தோட்டத்தில் கிராணியையும் (கணக்கரையும்) துரையையும் (மேலாளரையும்) இல்லாத குணமெல்லாம் இருப்பதாகச் சொல்லிப் புகழ்ந்து சலுகை வாங்கியவர்களை அவர் கண்ணால் பார்த்தவர். அரபியிலும் அந்த வகைக்கு இடம் உண்டு. மத்ஹு என்று ஒரு சொல், அதுவும் புகழ்ச்சிதான். ஆனால் அதை உயிரில்லாத பொருளுக்கும் சொல்லலாம், ஒரு முத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டலாம், அன்பு இல்லாமலும் சொல்லலாம், காரியத்துக்காகவும் சொல்லலாம். ஹம்து அப்படி இல்லை. உயிருள்ளவனுக்கு, தன் விருப்பத்தால் செய்பவனுக்கு, உண்மையிலேயே இருக்கும் குணத்தைச் சொல்வது, அதோடு நெஞ்சில் நேசமும் இருக்க வேண்டும். அந்தத் துஆவில் 'உண்மை' என்ற சொல் அத்தனை முறை அடுக்கி வருவது எனக்கு இந்த இடத்தில்தான் உறைக்கும்.

அக்காவுக்கு அரபி சொல்லிப் பயனில்லை, குறள் சொன்னேன். தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தது:

இருள்சேர் இருவினையும் சேரா இறைவன்
பொருள்சேர் புகழ்புரிந்தார் மாட்டு

'பொருள்சேர் புகழ்' என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் விளக்கம் துரையைப் புகழும் கதைக்கு நேர் பதில். இறைமைக் குணம் இல்லாதவர்களை அது உடையவர்கள் என்று நினைத்துக்கொண்டு அறிவில்லாதவர்கள் சொல்லும் புகழ் பொருள் சேராது, அந்தக் குணம் முழுவதும் உடைய இறைவனுடைய புகழே பொருள் சேர்ந்த புகழ் என்கிறார். வள்ளுவரை முஸ்லிம் ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடிக்காத வேலை. புகழ் என்ற தமிழ்ச்சொல்லுக்கு ஹம்தைத் தாங்குகிற வலு பல நூற்றாண்டுகளாகவே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

கய்யிம் என்ற சொல்லையும் சும்மா தாண்டிப் போகக் கூடாது. இங்கே சூராவில் (சிறு பள்ளிவாசலில்) 'கியாமுல்லைல்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகிறார்களே, அந்தக் கியாமுக்கு நிற்பது என்று பொருள், இரவில் நின்று தொழுவது. கய்யிமும் அதே வேர்தான், நிற்க வைப்பவன், தாங்கி நடத்துபவன். தூக்கக் கலக்கத்தில் கால் தள்ளாடி எழுந்து நிற்கிற ஆள், தொடக்கத்திலேயே "எல்லாவற்றையும் நிற்க வைப்பவன் நீ" என்கிறான். தமிழில் 'பராமரிப்பவன்' என்று போடுகிறார்கள், தவறில்லை, ஆனால் அந்த நிற்றல் காணாமல் போகிறது. 'நிலைநிறுத்துபவன்' என்றால் நில் என்ற வேர் உள்ளேயே இருக்கிறது.

தஹஜ்ஜுத் என்பதற்குத் தூக்கத்தை உதறுதல் என்று பொருள். குர்ஆனில் அந்தக் கட்டளை வரும் வசனம் (17:79) முடிகிற இடம், இறைவன் உம்மை 'மகாமன் மஹ்மூதா'வில், புகழப்பட்ட இடத்தில் எழுப்பக்கூடும் என்பது. மஹ்மூத், முஹம்மத், அஹ்மத், ஹமீத் எல்லாம் ஹம்து வேரில் முளைத்தவை. நேரம் என்று பார்த்தால், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் சுமார் ஏழரை, விடியலில் வரும் சுபுஹு சுமார் ஆறு என்று வைத்துக்கொண்டு இரவை மூன்றாகப் பிரித்தால், துஆ ஏற்கப்படும் நேரம் என்று ஹதீஸில் வரும் கடைசி மூன்றில் ஒரு பங்கு நம் பக்கம் கிட்டத்தட்ட 2:30 மணிக்குத் தொடங்கும்.

ஹம்துக்கும் நன்றிக்கும் உள்ள தூரம் கஷ்டத்தில்தான் நன்றாகத் தெரியும். எங்கள் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) தோட்டத்து ரோட்டில் மளிகைக் கடை இருந்தது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள், லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள், கடைக்கு வந்துகொண்டிருந்த முகங்கள் ஒரே வருடத்தில் இல்லை. பாக்கி எழுதிய 555 புத்தகங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரு மைலோ டின்னில் போட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹி அலா குல்லி ஹால்" என்றார். எந்த நிலையிலும் அல்லாஹ்வுக்கே புகழ் என்பது அதன் பொருள், பிடிக்காதது நேர்ந்தால் நபியவர்கள் சொன்ன வார்த்தை. கடை போனதற்கு அவர் நன்றி சொல்லவில்லை. உம்மா அழுதார், அத்தாவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. கடை போனாலும் அவன் அவனாகவே இருக்கிறான் என்றுதான் அத்தா சொன்னார். இதை 'எல்லா நிலையிலும் நன்றி' என்று மொழிபெயர்த்து, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

சரி, ஹம்துக்கு அடுத்த சொல் ஸனா. முஸ்லிம் தொகுப்பில் வரும் ஹதீஸ் குத்ஸி (இறைவன் சொன்னதாக நபி அறிவித்தது) ஒன்றில், அடியான் ஃபாத்திஹா ஓதும்போது வரிக்கு வரி அல்லாஹ் பதில் சொல்வதாக வருகிறது. முதல் வரிக்கு "என் அடியான் என்னை ஹம்து செய்தான்", 'அர்ரஹ்மானிர் ரஹீம்' என்றதும் "என் மீது ஸனா சொன்னான்", 'மாலிக்கி யவ்மித்தீன்' என்றதும் "என்னை மஜ்து செய்தான்". மூன்று சொல், மூன்றுக்கும் தமிழில் 'புகழ்ந்தான்' என்றே போட்டுவிட்டுப் போவது சோம்பல். ஸனாவின் வேருக்கு மடித்தல், இரட்டித்தல் என்று பொருள், இரண்டு என்ற எண்ணும் அதே வேர். சொன்னதையே திரும்பத் திரும்ப அடுக்கிச் சொல்வது ஸனா. அதற்கு 'ஏத்துதல்' என்ற நம் பழைய சொல் இருக்கிறது, 'போற்றுதல்' என்றாலும் பொருந்தும். மஜ்துக்கு மாட்சிமை, பெருமைப்படுத்துதல்.

இந்த ஸனாவும் இரவோடு சேர்ந்ததுதான். ஆயிஷா (ரலி) ஓர் இரவில் படுக்கையில் நபியவர்களைக் காணாமல் இருட்டில் கையால் தடவித் தேடியபோது, ஸஜ்தாவில் (நெற்றி தரையில் பட வணங்கும் நிலையில்) நட்டிருந்த அவர்களுடைய உள்ளங்காலில் கை பட்டது. அப்போது ஓதிக்கொண்டிருந்ததன் கடைசிப் பகுதி: "லா உஹ்ஸீ ஸனாஅன் அலைக்க, அன்த்த கமா அஸ்னைத்த அலா நஃப்ஸிக்க." உன்னைப் போற்றும் போற்றுதலை என்னால் எண்ணி முடிக்க முடியாது, நீ உன்னைப் போற்றிக்கொண்டது போலவே இருக்கிறாய்.

துஆவின் வரிசைக்கும் ஆதாரம் உண்டு. தொழுகையில் ஒருவர் இறைவனைப் புகழாமல், நபியின் மீது ஸலவாத்தும் (நபிக்காக வேண்டும் வாழ்த்தும்) சொல்லாமல் நேராகக் கேட்கத் தொடங்கியதைக் கேட்ட நபியவர்கள், இவர் அவசரப்பட்டுவிட்டார் என்றார்கள். முதலில் புகழும் போற்றுதலும், பிறகு ஸலவாத், பிறகு விரும்பியதைக் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). ஆகவே இந்த 'லக்கல் ஹம்து' துஆவைப் பொருளோடு அரபியிலேயே மனனம் செய்து தொழுகைக்குள் ஓதுங்கள். தொழுது முடித்துக் கையேந்தித் தமிழில் கேட்கும்போது 'யா அல்லாஹ், புகழ் அனைத்தும் உனக்கே' என்று ஏகாரத்தோடு தொடங்குங்கள், தந்ததற்கு நன்றியும் இனி வேண்டியதும் அதற்குப் பிறகு வரட்டும்.