ஜின் என்றால் ஜூனிப்பர்

தமிழில் ‘ஜின்’ என்று எழுதினால் மூன்று பொருள் வரும். அரபியிலிருந்து வந்த ஜின், கண்ணுக்குத் தெரியாத படைப்பு. பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் இருப்பது ‘எஞ்சின்’ என்ற சொல்லின் வால். மூன்றாவதுதான் பாட்டிலில் இருப்பது, உல்லாசக் கப்பலின் மதுக்கூடத்தில் நீங்கள் கேட்கப்போகும் மது. மூன்றுக்கும் ஒன்றோடொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மதுவுக்கு வந்தது ஜூனிப்பர் என்ற செடியின் பெயர். லத்தீனில் யூனிபெருஸ், பிரெஞ்சில் ஜெனியேவ்ர், டச்சுக்காரர் வாயில் யெனேவர். ஆங்கிலேயர் அதை ‘ஜெனீவா’ என்று திரித்தார்கள். சுவிட்சர்லாந்து நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு அதையும் நறுக்கி ‘ஜின்’ ஆக்கினார்கள். அந்தப் பெயர் ஓரசையாகச் சுருங்கிவிட்டதை 1714-இலேயே எழுத்தாளர் பெர்னார்ட் மாண்டெவில் கிண்டலாகக் குறித்திருக்கிறார்.

ஜூனிப்பர் ஊசியிலைப் புதர். மிளகைவிடச் சற்றே பெரிய, நீலக்கருப்பு உருண்டைகள் அதில் காய்க்கும். பழம் போலத் தெரிந்தாலும் அவை சதைப்பற்றுள்ள கூம்புகள். பைன் காய்க்கு உறவு. முற்றுவதற்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும் என்பதால் ஒரே கிளையில் பச்சையும் நீலமும் சேர்ந்தே இருக்கும். ஒன்றை விரலால் நசுக்கினால் முதலில் பிசின் வாடை, பின்னாலேயே எலுமிச்சைத் தோலின் காட்டம். இந்த வாசனை இல்லாத ஜின், பெயருக்குத்தான் ஜின்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘தேறல்’ அழகான சொல். தேறு என்றால் தெளிதல். “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்கிறது புறநானூறு 56. கலம் என்பதைக் குப்பி என்றும் கொள்ளலாம், மரக்கலம் என்றும் கொள்ளலாம். கப்பலில் குடிக்கப்போகிறவருக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் தேறல் நொதிக்கவைத்துத் தெளியவிட்டது. ஜின் காய்ச்சி வடித்தது. காய்ச்சி வடித்ததற்குத் தமிழில் உள்ள சொல் சாராயம். ஆகவே துல்லியமான ஆக்கம் ‘ஜூனிப்பர்ச் சாராயம்’. அகராதிக்கு அது போதும். பேச்சில் ‘ஜின்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. சாராயம் என்றாலே கள்ளச்சாராய நெடி வந்துவிடுகிறது. ஜூனிப்பரோடு கொத்தமல்லி விதை, அதிமதுரம், ஏலம், ஆரஞ்சுத் தோல் என்று சேரும் பொருள்களை ஆங்கிலத்தில் ‘பொட்டானிக்கல்ஸ்’ என்பார்கள். அவற்றுக்கு ‘மணச்சரக்கு’ கச்சிதம். நம்மிடம் சரக்கு என்றால் மளிகையும் உண்டு, மதுவும் உண்டு!

கப்பல் மதுக்கூடத்தில் நீளமான பட்டியலை நீட்டும்போது கைகொடுப்பது லேபிளில் உள்ள சொற்கள்தான். ‘டிரை’ என்பதை ‘உலர்ந்த’ என்று மொழிபெயர்ப்பது பிழை. இனிப்பில்லாதது என்று பொருள். ‘லண்டன்’ என்பது ஊரல்ல, செய்முறை. எந்த நாட்டிலும் செய்யலாம். ஆனால் மணம் முழுக்க வடிக்கும்போதே ஏறியிருக்க வேண்டும், வடித்தபின் மணமோ நிறமோ சேர்க்கக் கூடாது, லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது என்பது ஐரோப்பிய விதி. வெள்ளரி, ரோஜாச் சாரங்களை வடித்தபின் சேர்க்கும் ஹெண்ட்ரிக்ஸ் அதனால்தான் லண்டன் ஜின் ஆகாது. குறை ஒன்றும் இல்லை, வகை வேறு, அவ்வளவுதான். ஜூனிப்பர் முன்னால் நிற்க வேண்டும் என்றால் டாங்கரே போல மணச்சரக்கு குறைந்ததைக் கேளுங்கள். ஸ்லோ ஜின் என்பது ஸ்லோ என்ற காட்டுப் பழத்தை ஊறவைத்த இனிப்பு மது. அதை டானிக் என்ற கசப்புச் சோடா போட்டுக் கேட்டுவிட்டுத் திகட்டுகிறது என்று சொல்லக் கூடாது.

‘நேவி ஸ்ட்ரெங்த்’ (கடற்படை வலு) என்றால் 57% ஆல்கஹால். பழைய பிரிட்டிஷ் அளவில் நூறு புரூஃப். மதுவில் நனைந்த வெடிமருந்து அப்போதும் தீப்பற்ற வேண்டும் என்ற சோதனையோடு சேர்த்துச் சொல்லப்படும் அளவு இது. பெயர் என்னவோ பழசாக ஒலித்தாலும், லேபிளில் ஏறியது 1990-களில். ஐரோப்பாவில் ஜின்னுக்குக் குறைந்தபட்ச அளவு 37.5%. 25 மி.லி. ஊற்றினால் அதில் 9.4 மி.லி. ஆல்கஹால், நேவியில் 14.25 மி.லி. அதாவது ஒன்றரை மடங்கு. நண்பகல் வெயிலில் மேல்தளத்தில் இது வேண்டாம்.

பிடித்ததைக் கண்டுபிடிக்க டானிக் கலந்து சுவைக்காதீர்கள். கசப்பும் சர்க்கரையும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். 10 மி.லி. ஜின்னில் அதே அளவு நீர், ஐஸ் இல்லாமல். லேசாகப் பால்போலக் கலங்கினால் கெட்டுப்போனதல்ல: எண்ணெய்ச் சத்து மிகுதி, ஆல்கஹால் குறைந்ததும் அது பிரிந்து நிற்கிறது. ஒரு வேளைக்கு மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும்.

தேர்ந்தபின் 50 மி.லி. ஜின்னுக்கு 150 மி.லி. டானிக் டப்பா ஒன்று. கோப்பை விளிம்புவரை ஐஸ். இரண்டு கட்டி போட்டால் சீக்கிரம் உருகி நீர்த்துவிடும். நிறையப் போட்டால் குளிர் நின்று மெதுவாகக் கரையும். குழாய்த் துப்பாக்கியில் பீய்ச்சும் டானிக்கில் பெரும்பாலும் குமிழி நிற்காது, டப்பாவே கேளுங்கள்.

டானிக் என்றால் நமக்கு மருந்துக்கடைப் பாட்டில் நினைவுக்கு வரும். தவறில்லை. அதன் கசப்பு குயினின், பாட்டிமார் சொன்ன ‘கொயினா’: மலேரியா மருந்து. 1860-களில் நீலகிரியில் பிரிட்டிஷ் அரசு சிங்கோனா மரங்களை வளர்த்தது இதற்காகத்தான். இன்றைய டானிக்கில் மருந்தளவு இல்லை, ருசிக்கு மட்டுமே. ஆனாலும் கப்பலின் நடனக்கூடத்தில் புறஊதா விளக்கு எரிந்தால் உங்கள் கோப்பை மட்டும் நீலமாக ஒளிரும். அது குயினினின் வேலை.

கப்பல் ஆடுவதால் வரும் குமட்டலுக்கு மாத்திரை போட்டிருந்தால் ஜின்னைத் தள்ளிவையுங்கள். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவைப்பவை, ஆல்கஹால் சேர்ந்தால் அது கூடும். அன்றைக்கு வெறும் டானிக்கும் எலுமிச்சைத் துண்டும்.