கன்ட்ரி என்பது நாட்டுப்புறம் அல்ல

சென்ற மாதம் பெரம்பூரில் ஒரு கலை நிகழ்ச்சி. "அடுத்து அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்" என்று அறிவித்தார்கள். கிட்டாருடன் மேடையேறிய ஆங்கிலோ இந்தியப் பெரியவர் பாடியது, 'கன்ட்ரி' என்ற அமெரிக்க இசைவகையின் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாட்டு. "இதில் நாட்டுப்புறம் எங்கே இருக்கிறது?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. கன்ட்ரியை 'நாட்டுப்புறம்' என்னும் இந்தத் தவறான பெயர்ப்பைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

'கன்ட்ரி' இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்பது மூலப்பொருள். நம் 'நாடு' பழம்பாடல்களில் காட்டுக்கு எதிர்ச்சொல், உழுது பயிரிட்ட நிலம். இரண்டும் நெருங்கி வருவது உண்மைதான். அந்த நெருக்கத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுகிறார்.

நாட்டுப்புறப் பாடல் என்றால் தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி. எழுதியவர் பெயர் இல்லை, ஊருக்கே சொந்தம். கன்ட்ரி அப்படியன்று. பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களின் கதைப்பாடல், ஆப்பிரிக்க வழி வந்த பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை எல்லாம் அதன் வேரில் இருக்கின்றன; மறுக்கவில்லை. ஆனால் அது வளர்ந்தது இசைத்தட்டிலும் வானொலியிலும். 1927-இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒலிப்பதிவுகளில்தான் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானார்கள். எழுதி, பதிந்து, விற்ற இசை இது. அமெரிக்க இசை இதழான 'பில்போர்டு'கூட 1940-களில் இந்தப் பாட்டுகளின் பட்டியலுக்கு 'ஃபோக்', அதாவது நாட்டுப்புறம், என்றுதான் பெயர் வைத்திருந்தது. 1949-இல் அதைக் கைவிட்டு 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றியது. அவர்களே கழற்றிப் போட்ட சட்டையை நாம் எடுத்து மாட்டிவிடுகிறோம்.

'நாட்டு இசை' என்று சுருக்குபவர்கள் இன்னும் மோசம். தமிழில் 'நாட்டு' என்று முன்னால் வந்தால் நம்முடையது, சீமையிலிருந்து வராதது என்று பொருள். நாட்டுக்கோழி, நாட்டு மருந்து, நாட்டுச் சர்க்கரை. கன்ட்ரியின் தலைநகரான அமெரிக்காவின் நாஷ்வில்லிலிருந்து வரும் பாட்டு எப்படி நாட்டு இசையாகும்?

தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு. ஆனால் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. கானாவையே பாருங்கள். இந்தியில் 'கானா' என்றால் பாட்டு, அவ்வளவுதான். வியாசர்பாடியில் பாடப்படும் கானாவை யாராவது வெறும் 'பாட்டு' என்று மொழிபெயர்த்தால் ஒப்புக்கொள்வோமா? ஜாஸை ஜாஸ் என்கிறோம். இதையும் 'கன்ட்ரி இசை' என்றே எழுதலாம். 'இசை' தமிழ், அது போதும்.

பெரம்பூரின் ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பங்களுக்கு இந்த இசை ஏன் பிடித்தது என்பதும் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் விளங்கும். ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயிலில் பிரேக் போடும் தொழிலாளியாக இருந்தவர். ரயில், பிரிவு, அம்மா, தேவாலயம், விட்டுவந்த வீடு: வயல்வெளியைவிட இவைதான் அந்தப் பாட்டுகளில் அதிகம்.

பெயர் தவறினால் காசும் போகிறது. கிட்டார் கற்க ஆசைப்பட்ட என் அக்கா மகன், கடையில் "நாட்டுப்புற இசை வாசிக்க" என்று கேட்டு நைலான் தந்திக் கிட்டாரோடு திரும்பினான். விரலுக்கு அது இதம்தான். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனே நைலானில் வாசிப்பவர். ஆனாலும் கன்ட்ரியின் கணீரென்ற ஓசை எஃகுத் தந்தியில்தான் பிறக்கிறது. அவன் படித்த வழிகாட்டி வேறு, மின்சாரம் இல்லாத 'அகூஸ்டிக் கிட்டாரை' 'ஒலியியல் கிட்டார்' என்று பெயர்த்து, அதை வாங்கச் சொல்லியிருந்தது. ஒலியியல் ஓர் அறிவியல் துறை! மின்கிட்டார் வந்த பிறகுதான் பழையதற்கு அந்த அடைமொழியே தேவைப்பட்டது. வெறுமனே கிட்டார் என்றால் போதும். கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பியான 'ஃபிரெட்'டுக்கும் புதுச்சொல் வேண்டாம், வீணைக்காரர்களின் 'மெட்டு' இருக்கிறது.

கிட்டாரை மாற்றி வாங்கிவிட்டோம். மெல்லிய எஃகுத் தந்தி. பன்னிரண்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே மூன்று மில்லிமீட்டருக்குள் இடைவெளி. ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளில்) ஏராளமான கன்ட்ரி பாட்டுகள் அடங்கிவிடும். விரல்நுனி வலி சில வாரங்களில் போய்விடும். ராயபுரத்து உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்து வைக்கிறான்.