லெவல் மீட்டர்: மட்டமானியா, மட்டங்காட்டியா?

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கென்றே செய்யப்படும் ஆம்ப்ளிஃபையர்கள் (ஒலிபெருக்கிகள்) சிலவற்றின் முகப்பில், திருகும் குமிழ்களுக்குப் பக்கத்தில், உள்விளக்கு எரியும் சிறிய கண்ணாடிச் சாளரமும் அதற்குள் ஆடும் முள்ளும் இருக்கும். இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கிய ஆஷ்டவுன் நிறுவனத்துக்கு அந்த முள்ளே அடையாளமாகிவிட்டது. விலைப்பட்டியலில் அதன் பெயர் லெவல் மீட்டர் அல்லது வி.யூ. (வால்யூம் யூனிட்) மீட்டர். மேடையில் புழங்குபவர்களுக்கு அது வெறும் 'முள்'.

தராசைக் குறிக்கும் 'லிப்ரா' என்ற இலத்தீன் சொல்லின் குறுமை வடிவமான 'லிபெல்லா'விலிருந்து வந்தது லெவல். அளவு என்று பொருள்படும் 'மெட்ரான்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது மீட்டர். முன்னதற்குத் தமிழில் தேட வேண்டியதே இல்லை. கொத்தனாரின் ரசமட்டத்திலும், அணையின் நீர்மட்டத்திலும், உதகையின் உயரத்தைச் சொல்லும்போது வரும் கடல்மட்டத்திலும் 'மட்டம்' நிலைபெற்றிருக்கிறது. சிக்கல் பின்பாதியில்தான். வெப்பமானி, மழைமானி என்ற வரிசையில் 'ஒலிமட்டமானி' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அப்பெயர் காற்றில் பரவும் ஒலியின் அழுத்தத்தை டெசிபெல்லில் அளக்கும் வேறொரு கருவிக்கு உரியது. ஆம்ப்பின் முள் காட்டுவது ஒலியை அன்று, ஒலியாக மாறப்போகும் மின்குறிகையின் (சிக்னலின்) மட்டத்தை. மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமை முழுவதும் குறைத்து, ஸ்பீக்கரிலிருந்து ஒரு முணுமுணுப்பும் வராதபோதும், உள்ளீட்டுப் பகுதியில் பொருத்தப்பட்ட முள் ஆடிக்கொண்டே இருக்கும்.

வானொலி நிலையங்களுக்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து 1939-இல் வரையறுத்த இக்கருவிக்கு அவர்கள் வைத்த பெயரும் 'காட்டி' என்ற பொருளுடையதே. மீட்டர் என்பது பின்னர் ஒட்டிக்கொண்டது. ஆகவே 'குறிகை மட்டங்காட்டி' என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் துணிபு. திசைகாட்டிக்குப் பழகிய நாவுக்கு 'மட்டங்காட்டி' அயலாக இராது.

பேஸ் வாசிப்பவருக்கு மற்றவர்களைவிட இது கூடுதலாகப் பயன்படுவதற்குக் காரணம் நம் செவிதான். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது; அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் செவியின் கூர்மை வெகுவாகக் குறைந்துவிடுவதை பெல் ஆய்வக ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினர். அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல் என்பதால், குன்னூரிலோ கோத்தகிரியிலோ தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கூடத்தில், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரலையைத் தணிப்பதால் வாசிப்பவர் நிற்கும் இடத்தில் சுரம் தேய்ந்து கேட்க, பின்வரிசையில் சன்னல் கண்ணாடி அதிரும். தன் காதை மட்டும் நம்புகிறவர் குமிழை மேலும் திருகுவார். முள்ளைப் பார்க்கிறவருக்கோ, கருவியிலிருந்து போதிய குறிகை ஏற்கெனவே வந்துகொண்டிருப்பது தெரியும். குறை கூடத்தில் இருக்கிறது என்று உணர்ந்து நிற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பார்.

முறையான வி.யூ. முள் தன் நிலைக்கு ஏறிச்சேர 300 மில்லிவினாடி ஆகும். விரல் நடையின் சராசரி வலுவைக் காட்ட இந்த நிதானம் உகந்தது. வாசிப்பின் ஏற்ற இறக்கத்தோடு முள் சாய்ந்தெழுவதைக் காண்பதில் உள்ள இன்பமும் அதனால்தான் வாய்க்கிறது, துள்ளித் துள்ளி எரியும் விளக்கு வரிசை அதைத் தருவதில்லை. ஆனால் கட்டைவிரலால் கம்பியை அறையும்போது எழும் கணநேர உச்சம் முள்ளை ஏமாற்றிவிடும். அதற்குச் சிவப்பு உச்ச விளக்கும் உடன் வேண்டும்.

மேடையில் ஒலி திடீரென்று நின்றுபோகும்போதுதான் மட்டங்காட்டியின் அருமை முழுமையாக விளங்கும். "அண்ணா, பேஸ் சத்தமே வரலை" என்று பையன் பதறினால், மைக்செட்காரர் முதலில் கேட்பது, "முள் ஏறுதா பாரு தம்பி" என்பதுதான். ஏறினால் கிட்டாரும் அதன் கேபிளும் நலம். மாஸ்டர் வால்யூமையும் ஸ்பீக்கர் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் கேபிளின் முனையை அசைத்துப் பார்த்து, உள்ளேயே பேட்டரியால் இயங்கும் மின்சுற்று கொண்ட ஆக்டிவ் வகைக் கிட்டாராக இருந்தால் அதன் 9 வோல்ட் பேட்டரியை மாற்ற வேண்டும்.